வெட்டி எடுத்த சதை எங்கே போகிறது?

கர்ப்பிணிப் பெண்கள் சிலருக்கு நான்காம் மாதம், ஐந்தாம் மாதம் வாக்கில் ஈறில் ஒரு சிவப்புச் சதை முளைப்பதுண்டு. இரண்டு பற்களுக்கு நடுவே ஈறின் நுனி தடித்து, நிலக்கடலைப் பருப்பு அளவுக்கு உருண்டு நிற்கும். வலிக்காது. ஆனால் பிரஷ் பட்டால் ரத்தம், முறுக்கு கடித்தால் ரத்தம், சில நாள் விடியும்போது தலையணை உறையிலும் ரத்தம். மருத்துவர்கள் இதைப் பையோஜெனிக் கிரானுலோமா என்பார்கள். புதிய ரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறி வளர்ந்து உண்டான திரட்சி இது. புற்று கிடையாது. பிள்ளை பிறந்த பிறகு பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு மட்டும்தான் என்றும் இல்லை. பல்லில் காரை படிந்து ஈறு எப்போதும் உறுத்தலிலேயே இருக்கும் யாருக்கும் வரலாம்.

மல்லாங்கிணறு பக்கம் பருத்தி எடுக்கப் போகும் ஐம்பது வயதுப் பெண் ஒருவருக்கு இப்படி ஒன்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பஸ் ஏறி விருதுநகருக்கு வந்து பல் ஆஸ்பத்திரியில் உட்காருகிறார்.

"எத்தனை நாளா இருக்குக்கா?"

"மூணு மாசம் இருக்கும்மா. உப்புத் தண்ணி கொப்புளிச்சேன், கிராம்புத் தைலம் வச்சேன். அமுங்கல. இப்பப் பெருசாயிருச்சு."

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லம்மா. சாப்பிடயில ரத்தம் வந்துருது. பேரப்பிள்ளைக பாத்துட்டு அழுகுதுக."

மரத்துப்போக ஊசி போட்டு, சதையை வெட்டி எடுத்து, பஞ்சைக் கடிக்கச் சொல்லி அனுப்பப் பத்து நிமிடம் போதும். அந்தப் பெண் நிம்மதியாக எழுந்து போவார். வெட்டிய சதைத் துண்டு ஒரு கிண்ணத்தில் கிடக்கும். அங்கிருந்து அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மனித உடற்கழிவுக்கென்று வைத்திருக்கும் மஞ்சள் பை. இன்னொன்று, ஃபார்மலின் ஊற்றிய சிறிய பாட்டில். மஞ்சள் பைக்குப் போனால் எரிந்து சாம்பலாகும். பாட்டிலுக்குள் போனால் நுண்ணோக்கியின் கீழ் ஒருவர் அதைப் பார்ப்பார். பத்து நிமிட வேலையின் கடைசி அரை நிமிடத்தில் எடுக்கப்படும் இந்த முடிவைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம். வாயிலும் தாடையிலும் வரும் ரத்தக் குழாய்ப் புற்றுகள் அந்த அரை நிமிடத்தில்தான் பிடிபடுகின்றன, அல்லது தப்பிவிடுகின்றன.

உடம்பிலுள்ள எல்லா ரத்தக் குழாய்களுக்கும், பெருந்தமனி முதல் கண்ணுக்குத் தெரியாத தந்துகி வரை, உட்புறத்தில் ஒரே ஓர் அடுக்காகச் செல்கள் படிந்திருக்கின்றன. எண்டோதீலியம் என்பது அதன் பெயர். உட்படலம் என்று இங்கே சொல்லிக்கொள்வோம். தந்துகியில் இந்தப் படலம்தான் கிட்டத்தட்ட முழுச் சுவரும். வளர்ந்த மனிதரின் உடம்பில் இந்தச் செல்கள் பெரும்பாலும் பிரியாமல் அமைதியாக இருக்கும். காயம் பட்டால்தான் விழித்துக்கொள்ளும். பல் பிடுங்கிய குழியில் பிராணவாயு கிடைக்காமல் தவிக்கும் செல்கள் வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தை வெளியே விடுகின்றன. அந்தச் செய்தி கிடைத்ததும் பக்கத்துத் தந்துகியின் உட்படலச் செல்கள் பெருகிக் கிளைவிட்டு, சில நாட்களில் குழி முழுக்கப் புதுக் குழாய்களை நிரப்பிவிடுகின்றன. வாய்ப்புண் சீக்கிரம் ஆறுவதற்கு இந்தச் சுறுசுறுப்பும் ஒரு காரணம். வேலை முடிந்ததும் செய்தி நின்றுவிடும். வேண்டாத குழாய்கள் மறைந்துவிடும்.

பாஸ்டனில் அறுவை மருத்துவராக இருந்த ஜூடா ஃபோக்மன் 1971இல் ஒரு கருத்தை எழுதினார். எந்தப் புற்றுக் கட்டியும் ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டி வளர வேண்டுமானால் தனக்கென ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்ள வேண்டும் என்றார். பல ஆண்டுகள் அவர் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அதுவே புற்றுநோய் ஆய்வின் ஒரு பெரிய கிளையானது; குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்து 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மற்ற புற்றுகள் குழாயை வரவழைக்கின்றன. நாம் பேசும் புற்றிலோ குழாயின் உட்படலச் செல்லே கெட்டுப்போகிறது. செய்தி நின்ற பிறகும் பெருகுகிறது. செய்தி வராமலேயே பெருகுகிறது.

ரத்தக் குழாய்ப் புற்றுகளில் மிகக் கொடியது ஆஞ்சியோசார்கோமா. தசை, கொழுப்பு, குழாய் போன்ற மென்திசுக்களில் வரும் சார்கோமாக்கள் எல்லாம் சேர்ந்தே பெரியவர்களின் புற்றுகளில் நூற்றுக்கு ஒன்றுதான் வரும். அந்த ஒன்றிலும் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான் ஆஞ்சியோசார்கோமா. அதிலும் பெரும்பகுதி முதியவர்களின் தலைத்தோலிலும் முகத்தோலிலும் வருவது. வாய்க்குள் வருவது அபூர்வத்திலும் அபூர்வம். அமெரிக்க ராணுவத்தின் ஆயுதப்படை நோயியல் நிலையத்துக்கு உலகெங்கிலுமிருந்து பிடிபடாத திசுக்களெல்லாம் கருத்துக் கேட்டு வந்து குவிந்த காலம் உண்டு. அங்கே சேர்ந்தவற்றை ஆராய்ந்து 2003இல் வெளியான வாய், உமிழ்நீர்ச் சுரப்பி ஆஞ்சியோசார்கோமா ஆய்வில் இருந்தவர்கள் வெறும் 29 பேர்.

நம் நாட்டு நிலவரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புதிதாக வாய்ப்புற்று வருகிறது. அதில் மிகப் பெரும்பாலானவை வாயின் மேல்தோலில் தொடங்குபவை. புகையிலையும் பாக்கும் கொண்டுவந்து சேர்ப்பவை. தமிழ்நாடு 2013இல் குட்காவைத் தடை செய்தது. கடைக்குப் பின்னால் கைமாறும் பொட்டலங்களை ஊர்க்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு நடுவே ஒரு ரத்தக் குழாய்ப் புற்று வந்தால் யார் கண்ணில் படும்? விருதுநகர் மாவட்டத்துப் பல் மருத்துவர் ஒருவர் வாழ்நாள் முழுக்கத் தொழில் பார்த்தும் இதில் ஒன்றைக்கூடச் சந்திக்காமல் ஓய்வு பெறலாம். சந்தித்தும் தெரியாமல் ஓய்வு பெறலாம் என்பதுதான் என் கவலை.

இரண்டாவது வகை எபிதீலாய்டு ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமா. பெயர் வாயில் நுழையாது, நோயோ அமைதியானது. 1982இல் ஷாரன் வைஸ், ஃபிரான்ஸ் என்சிங்கர் இருவரும் இதைத் தனி நோயாக இனங்கண்டு எழுதினார்கள். இதன் பிறப்பு ரகசியம் 2011இல் தெரிந்தது. முதலாம் குரோமோசோமின் துண்டும் மூன்றாம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்ள, இரண்டு மரபணுக்கள் இணைந்து ஒன்றாகிவிடுகின்றன. பெரும்பாலான நோயாளிகளிடம் இந்தப் பிணைப்பே காணப்படுகிறது. இது வாயில் வந்தால் ஈறுதான் வழக்கமான இடம். சின்னக் கட்டி, சில சமயம் ஆறாத புண், பக்கத்துப் பல்லில் ஆட்டம். ஈறு நோய் என்று நினைத்துச் சுத்தம் செய்து அனுப்பிவிட எல்லாக் காரணமும் உண்டு. ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கவும் செய்யும். சிலருக்கு நிணக் கணுக்களுக்கும் நுரையீரலுக்கும் போகவும் செய்யும்.

மூன்றாவது கபோசி சார்கோமா. வியன்னாவில் தோல் மருத்துவராக இருந்த மோரிட்ஸ் கபோசி 1872இல் விவரித்தது. நூறாண்டுகளுக்கும் மேலாகப் பாடப்புத்தகத்தின் ஒரு மூலையில் கிடந்த இந்த நோய், 1981இல் நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் இளைஞர்களிடம் கொத்தாகத் தோன்றியபோது எய்ட்ஸ் என்ற பேரிடரின் முதல் அடையாளங்களில் ஒன்றானது. பலருக்கு மேல் அண்ணத்தில் கத்தரிப்பூ நிறத் திட்டாகத்தான் முதலில் தெரிந்தது. இதன் பின்னால் ஒரு ஹெர்பிஸ் வகை வைரஸ் இருப்பதை 1994இல் யுவான் சாங், பேட்ரிக் மூர் தம்பதியர் கண்டுபிடித்தார்கள்.

இங்கே சென்னையின் கதை ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. 1980களின் நடுவில், எச்.ஐ.வி. மேல்நாட்டு நோய், நம் ஊருக்கு வராது என்பதே பரவலான நம்பிக்கை. சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், இதையே ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். அவற்றைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்து, ரயிலேறி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் அந்தக் குழாய்களில் வெளிப்பட்டன. அவர்கள் தேடிப் போயிராவிட்டால் இன்னும் சில ஆண்டுகள் நாடு "இங்கே இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கும். கபோசி சார்கோமா இந்திய எச்.ஐ.வி. நோயாளிகளிடம் மிக அரிதாகவே வருகிறது. அதற்குரிய வைரஸ் இங்கே குறைவாகப் புழங்குவது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. ஆனாலும் சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் அண்ணத்தில் இப்படி ஒரு திட்டு தெரிந்தால் அலட்சியம் கூடாது. மாத்திரையை சிரோலிமஸ் என்ற மருந்துக்கு மாற்றினாலே அது மறைவதுண்டு என்று 2005இல் இத்தாலிய மருத்துவர்கள் காட்டினார்கள்.

சரி, அந்தப் பாட்டிலுக்கு வருவோம்.

பாட்டில் வாயகன்றதாக இருக்க வேண்டும். ஃபார்மலினில் ஊறிய சதை விறைத்துவிடும். குறுகிய வாய் வழியே உள்ளே போனது வெளியே வராது. பத்து விழுக்காடு ஃபார்மலின், சதையின் பருமனைப்போல் குறைந்தது பத்து மடங்கு ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் செல்கள் அழுகத் தொடங்கும். ஸ்பிரிட்டில் போட்டால் சுருங்கி உருக்குலையும். லேசரால் சுட்டு எடுத்த துண்டின் ஓரம் கருகியிருக்கும், அந்த ஓரத்தில் எதையும் படிக்க முடியாது. சந்தேகமுள்ள கட்டியைக் கத்தியால் எடுப்பதே நல்லது என்பது என் துணிந்த கருத்து. ரத்தம் சிந்தாத சிகிச்சை என்று விளம்பரம் செய்ய வசதியாக இருப்பது, நோயைப் படிக்க வசதியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பாட்டிலின் மேல் பெயர், வயது, எந்தப் பல்லுக்குப் பக்கத்தில் எடுத்தது, எத்தனை மாதமாக இருந்தது, இதற்கு முன் வெட்டி மறுபடி வந்ததா என்று எழுதிய சீட்டு. இந்தச் சீட்டைக் கஞ்சத்தனமாக எழுதுகிறவர்கள் நுண்ணோக்கிக்கு முன் உட்கார்ந்திருப்பவரின் கண்ணைக் கட்டிவிடுகிறார்கள்.

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன் இந்த மாவட்டத்துப் பாட்டில்கள் பெரும்பாலும் மதுரைக்குத்தான் பயணம் போகும். எங்கே போனாலும் வேலை ஒன்றே. ஒரு நாள் ஃபார்மலினில் ஊறிய சதையை, அடர்த்தி கூட்டிக்கொண்டே போகும் ஆல்கஹாலில் மாற்றி மாற்றி வைத்து நீரை வெளியேற்றுவார்கள். பிறகு சைலீன். பிறகு உருக்கிய பாரஃபின் மெழுகு. மெழுகு இறுகி, சதை அதற்குள் ஒரு சிறு கட்டியாக நிற்கும். மைக்ரோடோம் என்ற வெட்டுக் கருவியின் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, நான்கைந்து மைக்ரான் தடிமனில் சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக வரும். ஒரு மில்லிமீட்டரில் இருநூறு சீவல் வெட்டலாம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, இரண்டு சாயங்கள் ஏற்றுவார்கள்: செல்லின் கரு ஊதாவாகும், மற்றவை இளஞ்சிவப்பாகும்.

பையோஜெனிக் கிரானுலோமாவாக இருந்தால் தந்துகிகள் கொத்துக் கொத்தாக ஒழுங்கில் இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனிக் குழாய்; உள்ளே தட்டையான ஒற்றை வரிசைச் செல்கள். ஆஞ்சியோசார்கோமாவில் அந்த ஒழுங்கு இராது. கரை உடைந்த கண்மாய்த் தண்ணீர் வரப்புகளை அரித்துக்கொண்டு கண்ட பக்கமெல்லாம் பிரிந்து, மறுபடி சேர்ந்து ஓடுவதுபோல, பிளவுகள் ஒன்றோடொன்று கலந்து நாரிழைகளுக்கு நடுவே புகுந்து போகும். பிளவின் ஓரத்தில் செல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். கருக்கள் பெருத்து, கறுத்து, பல செல்கள் பிரிந்துகொண்டிருக்கும் நிலையிலேயே பிடிபட்டிருக்கும். சுவர் சுவராக இல்லாததால் ரத்தம் வெளியே கசிந்து தேங்கியிருக்கும். வாயில் கட்டி நீலமும் சிவப்புமாகத் தெரிவதற்கும், தொட்டால் ரத்தம் வடிவதற்கும் காரணம் இந்தக் கசிவுதான்.

இன்னும் கடினமான தோற்றம் ஒன்று உண்டு. சில கட்டிகளில் பிளவே சரியாகத் தெரியாது. பெரிய உருண்டைச் செல்கள் திட்டுத்திட்டாக நிற்கும். பார்த்தால் வழக்கமான வாய்ப்புற்றுபோலவே இருக்கும். உறுதி செய்வதற்காகக் கெரட்டின் என்ற புரதத்துக்குச் சாயம் போட்டால், மேல்தோல் புற்றுக்குரிய அந்தச் சாயம் சில வேளை இதிலும் ஏறிவிடும். புகையிலைப் புற்றுகளையே நாள் முழுக்கப் பார்க்கும் நம் ஊர் நோயியல் நிபுணர் வழுக்கி விழக்கூடிய இடம் இது. அப்போது அவருக்குக் கைகொடுப்பது ஒரு சின்ன அடையாளம். சில செல்களின் உடலுக்குள்ளேயே வட்டமாக ஒரு துளை இருக்கும். அந்தத் துளைக்குள் ஒரே ஒரு சிவப்பணு உட்கார்ந்திருக்கும். அந்தச் செல் தன்னந்தனியாகத் தானே ஒரு குழாயாக மாறப் பார்த்திருக்கிறது! நோயியலில் நான் அறிந்த வியப்பான காட்சிகளில் இது ஒன்று. பார்த்தவர் உடனே சி.டி.31, ஈ.ஆர்.ஜி. என்ற இரண்டு சாயங்களைக் கேட்டு வாங்குவார். இரண்டும் உட்படலச் செல்லைக் காட்டிக்கொடுப்பவை. இரண்டும் ஏறினால், அது எந்தக் குலத்துச் செல் என்ற சந்தேகம் தீர்ந்தது.

தாடை எலும்புக்குள் வந்தால் கதை வேறு. ஈறில் எதுவும் தெரியாமலேயே கடைவாய்ப் பல் ஆடும். பல் பிடுங்கிய குழி வாரக்கணக்கில் ஆறாமல், உள்ளிருந்து சதை தள்ளிக்கொண்டு வரும். கீழுதட்டின் ஒரு பக்கமும் மோவாயும் மரத்துப்போகும். பல் பிடுங்க ஊசி போடாமலேயே உதடு மரத்திருந்தால் அதைச் சாதாரணமாக விடக்கூடாது. தாடைக்குள் ஓடும் நரம்பை ஏதோ ஒன்று நெருக்குகிறது என்று பொருள். தாடையில் கண்ட புற்று அங்கேயே பிறந்ததாகவும் இருக்க வேண்டியதில்லை. மார்பகம், ஈரல், ஏன் இதயத்திலிருந்தும்கூட வந்து இறங்கியிருக்கலாம். பெரியவர்களின் இதயத்திலேயே பிறக்கும் கொடும்புற்றுகளில் முதலிடம் ஆஞ்சியோசார்கோமாவுக்குத்தான். ஆகவே தாடையில் இது உறுதியானால் நெஞ்சையும் வயிற்றையும் ஸ்கேன் செய்தாக வேண்டும்.

புற்றல்லாத ஒரு குழாய்க் கோளாறும் தாடைக்குள் உண்டு; அது புற்றைவிட வேகமாக ஆளைக் கொல்லும். தமனியும் சிரையும் நேராகப் பின்னிக்கொண்ட பிறவிப் பின்னல் அது. பெரும்பாலும் சின்ன வயதிலேயே தெரியவரும். பல்லைச் சுற்றி ஈறில் அடிக்கடி ரத்தம் கசியும், பல் ஆடும், விரலால் அழுத்தினால் பல் உள்ளே இறங்கி மேலே வரும், சிலருக்குத் தாடைக்குள் துடிப்பு தெரியும். ஆடுகிற பல்தானே என்று பிடுங்கினால் பஞ்சுக்கும் தையலுக்கும் அடங்காமல் ரத்தம் பீறிடும். நாற்காலியிலேயே உயிர் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் பலமுறை எழுதியிருக்கின்றன. இதைத் தடுக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. எக்ஸ்ரேயில் தாடைக்குள் காரணம் தெரியாத கறுப்பு நிழல் இருந்தால், கத்தி வைப்பதற்கு முன் ஊசி குத்தி இழுத்துப் பார்க்க வேண்டும். பளிச்சென்ற சிவப்பு ரத்தம் தானாகவே சிரிஞ்சைத் தள்ளிக்கொண்டு ஏறினால், பல்லைத் தொடாமல் மதுரைக்கு அனுப்பிவிட வேண்டும். குழாய் வழியே போய் அந்தப் பின்னலை அடைத்த பிறகே அறுவை.

எதனால் வருகிறது என்று கேட்பீர்கள். பட்டாசும் தீப்பெட்டியும் பிழைப்பாக இருக்கும் மாவட்டத்தில் இந்தக் கேள்வி முதலில் எழுவதே நியாயம்.

அமெரிக்காவின் லூயிவில் நகரில் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் பி.வி.சி. தொழிற்சாலை இருந்தது. அங்கே மருத்துவராக இருந்த ஜான் கிரீச், தம் பராமரிப்பில் இருந்த தொழிலாளர்களில் மூவர் ஈரல் ஆஞ்சியோசார்கோமாவில் இறந்ததைக் கவனித்தார். 1974 ஜனவரியில் செய்தி வெளியே வந்தது. மூன்றே பேர். நுரையீரல் புற்றாக இருந்தால் மூன்று சாவு யார் காதிலும் விழுந்திருக்காது. இது அவ்வளவு அரிய நோய் என்பதாலேயே ஒரே வாசலுக்குள் மூன்று என்பது கூக்குரலாகக் கேட்டது. வினைல் குளோரைடு வாயுதான் காரணம் என்று உறுதியானதும், வேலையிடக் காற்றில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு என்றிருந்த வரம்பு 1 பங்காகக் குறைக்கப்பட்டது. இந்த நிகழ்ச்சியை நான் திரும்பத் திரும்ப நினைப்பதுண்டு. அந்த ஈரல்களை யாரும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்காவிட்டால் உலகம் முழுக்க எத்தனை தொழிலாளர்கள் அந்தக் காற்றையே சுவாசித்துக்கொண்டிருந்திருப்பார்கள்!

ஈரல் குழாய்ப் புற்றுக்கு வேறு இரண்டு காரணங்களும் ஐயமறத் தெரியும். எக்ஸ்ரேயில் குழாய்கள் பளிச்செனத் தெரிவதற்காக 1930களிலிருந்து 1950கள் வரை நோயாளிகளுக்கு ஏற்றப்பட்ட தோரோட்ராஸ்ட் என்ற தோரியக் கரைசல் ஒன்று. அது ஈரலில் தங்கி ஆயுள் முழுக்கக் கதிர்வீசிக்கொண்டிருந்தது. இன்னொன்று ஆர்சனிக். ஃபவுலர் கரைசல் என்ற பெயரில் அதை மருந்தாக நீண்ட காலம் குடித்தவர்களுக்கும், கொடிக்கு ஆர்சனிக் தெளித்த ஜெர்மானியத் திராட்சை விவசாயிகளுக்கும் இந்தப் புற்று வந்தது. ஆர்சனிக் சேர்ந்த மனோசிலை வெடித் தொழிலுக்கும் பழக்கமான சரக்குதான். ஆர்சனிக், ஆண்டிமனி, லித்தியம், பாதரசம், ஈயம் ஆகிய ஐந்தையும் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜூலை 31 அன்று உத்தரவிட்டது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: பட்டாசு வேலையால் வாயிலோ தாடையிலோ குழாய்ப் புற்று வருகிறது என்பதற்குச் சான்று கிடையாது. வாயில் வரும் பெரும்பாலான குழாய்ப் புற்றுகளுக்குக் காரணம் புலப்படுவதில்லை. சிலருக்கு முன்பு வேறு நோய்க்காக வாங்கிய கதிர்வீச்சு சிகிச்சை காரணமாகிறது. அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. லூயிவில்லில் நடந்ததுபோல் ஒரு கூக்குரல் இங்கே என்றாவது எழுந்தால், அதைக் கேட்கும் காது வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அடையாறு புற்றுநோய் நிலையம் நடத்தும் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேடு 2012 முதல் மாநிலம் முழுவதற்கும் கணக்கெடுக்கிறது. மஞ்சள் பைக்குள் போன சதை அந்தப் பதிவேட்டுக்கு வராது.

தாடையைத் தின்ற தொழில் நோய் ஒன்று தீப்பெட்டியோடு சேர்ந்தே பிறந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தீக்குச்சிகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. அதன் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு செத்து அழுகியது. 1888இல் லண்டன் பிரையண்ட் அண்ட் மே தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்த நோய் ஊரறிந்த பேச்சானது. 1906இல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸைத் தடை செய்ய ஒப்புக்கொண்டன. இந்தியாவில் 1913இல் சட்டம் வந்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனது 1922இல். அதற்குள் பாதுகாப்பான சிவப்புப் பாஸ்பரஸ் வந்துவிட்டது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலாளர்கள் அந்தத் தாடை நோயிலிருந்து தப்பினார்கள். அதே மாதிரி எலும்புச் சாவு 2003இல் வேறு வேடத்தில் திரும்பி வந்தது. எலும்புக்குப் பரவிய புற்றுக்கும் எலும்புத் தேய்மானத்துக்கும் போடும் சொலெட்ரானிக் அமில ஊசி போன்ற மருந்துகள் எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கினால் குழி ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிவதை அமெரிக்க மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் எழுதினார். எலும்புக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் அதைப் பல் மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும்.

நோய் உறுதியான பிறகு என்ன செய்வார்கள்? சுற்றிலும் நல்ல திசுவோடு சேர்த்து அகலமாக வெட்டி எடுப்பது, அதன்பின் கதிர்வீச்சு, பரவியிருந்தால் பேக்லிடாக்சல் போன்ற மருந்து. தாடையை எடுக்க நேர்ந்தால் முழங்காலுக்குக் கீழ் வெளிப்புறமாக ஓடும் ஃபிபுலா எலும்பை அதன் ரத்தக் குழாயோடு எடுத்து, வளைத்துப் பொருத்தித் தாடையாக்கிவிடுகிறார்கள். ஆஞ்சியோசார்கோமாவில் ஐந்தாண்டு தாண்டுகிறவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். கட்டி ஐந்து சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே முழுமையாக எடுக்கப்பட்டவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். ஈறில் வந்த சதை கண்ணாடியில் தெரியும், நாக்கில் தட்டுப்படும். நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் ஒளிந்து வளரும் புற்றுக்காரர்களுக்குக் கிடைக்காத சலுகை இது. அதை வீணாக்கலாமா?

செலவை நினைத்துப் பின்வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் புற்று அறுவையும் கதிர்வீச்சும் மருந்தும் அதில் அடங்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத எந்தச் சதையையும், புண்ணையும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வெட்டி எடுத்தால், "டாக்டர், இதை பயாப்சிக்கு அனுப்புறீங்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவாகாது. நல்ல மருத்துவர் மகிழ்வார். அனுப்ப வசதியில்லை என்றால் பாட்டிலையும் சீட்டையும் நீங்களே வாங்கிக்கொண்டு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ கொண்டுபோகலாம். வெட்டிய இடத்திலேயே மறுபடி முளைத்தால் முதல் பரிசோதனை முடிவைக் கையோடு எடுத்துப் போங்கள். பழைய மெழுகுக் கட்டியிலிருந்து இன்னொரு சீவல் எடுத்து வேறொரு நிபுணரும் பார்க்க முடியும். பத்தில் ஒன்பது முறைக்கும் மேலாக "சாதாரணக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை" என்றுதான் முடிவு வரப்போகிறது. அந்த வரியைத் தாளில் பார்க்கும் வரை விடாதீர்கள்.